நாவற்பழச் சாற்றை மாரிக்கு எடுத்து வைக்கலாமா?

மட்டக்களப்பிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். நோர்வேயில் இருக்கிற அவருடைய மச்சாள் வீட்டில் கோடையில் காட்டுப் பழங்களைப் பறித்து, சாறு காய்ச்சி, போத்தலில் அடைத்து வைத்து, குளிர்காலம் முழுக்கச் சுடுதண்ணீரில் கலந்து குடிக்கிறார்களாம். அதே செய்முறையில் இங்கே நாவற்பழத்தைச் செய்யலாமா? ஃபிரிட்ஜில் வைக்காமல் மார்கழி வரைக்கும் கெடாமல் இருக்குமா? சீனி வருத்தம் உள்ள அப்பாவும் குடிக்கலாமா?

முதல் இரண்டுக்கும் ஆம் என்பதுதான் பதில். மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் தங்கச்சி, மச்சாளின் செய்முறையை அப்படியே பார்த்துச் செய்ய வேண்டாம். அவருடைய குறிப்பில் பழம், சீனி, தண்ணீர் என்றுதான் இருக்கும். பாதி வேலையைச் செய்கிற குளிரை யாரும் குறிப்பில் எழுதுவதில்லை.

அங்கே எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். ஜூலை, ஓகஸ்டில் ராஸ்பெரி, புளூபெரி, ரெட்கரண்ட், பிளாக்கரண்ட் எல்லாம் பழுக்கும். செப்டெம்பர் அளவில் லிங்கன்பெரி வரும். காட்டில் விளைந்ததை யாரும் பறிக்கலாம் என்பது அந்த நாட்டில் தொன்றுதொட்ட வழக்கம். காடு, மலைகளில் எல்லோரும் நடமாடும் உரிமையை 1957இல் சட்டமாகவும் எழுதிவிட்டார்கள். பறித்த பழத்தைச் சாறாக்குவதற்கு மூன்றடுக்குப் பானை ஒன்று வைத்திருப்பார்கள். நம்முடைய புட்டுப் பானை மாதிரிதான்: அடியில் தண்ணீர், மேலே பழம், நடுவில் மட்டும் சாறு சேர ஒரு தட்டு. ஆவியில் பழம் உடைந்து வடிகிற சாறு, அந்தத் தட்டிலிருந்து ஒரு குழாய் வழியாகக் கொதிக்கக் கொதிக்க நேரே போத்தலுக்குள் இறங்கும். இதை அவர்கள் சாஃப்ட் என்பார்கள். பிளாக்கரண்ட் சாற்றைச் சுடுதண்ணீரில் கலந்து குளிர்காலத்தில் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அங்கே வீட்டுக்கு வீடு நடப்பது.

லிங்கன்பெரி இன்னும் சுகம். அந்தப் பழத்துக்குள்ளேயே பென்சோயிக் அமிலம் இருக்கிறது. கடையில் வாங்கும் கோடியல் போத்தலில் பழுதாகாமல் இருக்கச் சேர்க்கிறார்களே சோடியம் பென்சோயேற்று, அதன் தாய்ச் சரக்கு அதுதான். அதனால் அதைக் காய்ச்சாமல் சீனியோடு கிளறி வைத்தாலே மாதக்கணக்கில் நிற்கும். மச்சாள் இந்த முறையைச் சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். நாவலில் அந்தக் காவல் கிடையாது. பச்சைச் சாற்றில் சீனியைப் போட்டு மட்டக்களப்பு வெயிலில் வைத்தால் இரண்டு நாளில் நுரை தள்ளும்.

போத்தல்களை அவர்கள் வைப்பது நிலவறையில். வெளியே உறைபனி, உள்ளே ஃபிரிட்ஜ் அளவுக் குளிர். நம்முடைய மார்கழிப் பகலே 27, 28 பாகையில் நிற்கும்; ஒஸ்லோவின் நல்ல கோடை நாளைவிட அது சூடு. நமக்கு மாரி என்றால் ஈரம், வாடைக் காற்று, தடிமன், இருமல். போத்தலுக்குள் இருக்கிற ஈஸ்டுக்கு அது குளிரே இல்லை. ஆகவே அங்கே குளிர் செய்கிற காவலை இங்கே வேறு எதுவாவது செய்ய வேண்டும். அந்த வேறு எது என்பதுதான் இந்தப் பதில் முழுக்க.

சீனி நிறையப் போட்டால் கெடாது என்று பலரும் நினைக்கிறார்கள். அரை உண்மைதான் அது. சீனியை மட்டும் நம்பி ஈஸ்டையும் பூஞ்சணத்தையும் அடக்க வேண்டுமென்றால் கலவையின் எடையில் 65 வீதத்துக்கு மேல் சீனி இருக்க வேண்டும். ஒரு லீற்றர் சாறுக்கு ஒன்றே முக்கால் கிலோ வரை போகும். அது பாணி, அதில் நாவலின் ருசி இருக்காது, இப்போதைய சீனி விலையில் கட்டவும் கட்டாது. ஒரு லீற்றருக்கு ஒரு கிலோ போட்டால் ஏறக்குறைய பாதிக்குச் சற்று மேலே நிற்கும். குடிக்க அது அளவான இனிப்பு, ஆனால் காவலுக்குப் போதாது. மிச்சக் காவலைப் புளிப்பும், சூடும், காற்றுப் புகாத மூடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புளிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். கொதிக்க வைத்தால் ஈஸ்டும் பூஞ்சணமும் செத்துப்போகும். ஆனால் சில பக்டீரியாக்களின் வித்து கொதிநீரிலும் சாகாது. பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு வருத்தத்தை உண்டாக்குவது அப்படியான ஒன்றுதான். காற்றில்லாத போத்தல் அதற்குப் பிடித்த இடம். புளிப்பை அளக்கிற எண் பி.எச்.; அது குறையக் குறையப் புளிப்புக் கூடும். சாற்றின் பி.எச். அளவு 4.6க்குக் கீழே இருந்தால் அந்த வித்து முளைக்காது. நாவல் இயல்பாகவே அதற்குக் கீழேதான் நிற்கும், ஆனால் மரத்துக்கு மரம் புளிப்பு மாறும். நன்றாகக் கனிந்த இனிப்பு நாவல் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அதனால் தேசிக்காய் சேர்ப்பது ருசிக்காக மட்டும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஒரு லீற்றர் சாறுக்கு நல்ல பெரிய தேசிக்காய் நாலின் புளி, அல்லது கடையில் விற்கும் சிற்றிக் அமிலம் ஒன்றரைத் தேக்கரண்டி. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நல்லது. கோடையில் தேசிக்காய் விலையும் ஏறும், சாறும் குறையும், புளிப்பும் ஒவ்வொன்றில் ஒவ்வொரு மாதிரி.

சரி, பழத்துக்கு வருவோம்.

நாவற்குடா, நாவற்காடு, நாவலடி என்று ஊர்ப் பெயரிலேயே மரம் நிற்கிற மாவட்டம் இது, பழத்துக்குப் பஞ்சமில்லை. கச்சான் காற்று அடித்து ஓய்கிற ஆடி, ஆவணி நாட்களில்தான் பெரும்பாலும் கனியும். நாவல் பறித்த பிறகு பழுக்காது. செங்காயாகப் பறித்தால் செங்காயாகவே சுருங்கும், துவர்ப்பும் போகாது. கனிந்ததோ ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். ஆகையால் காலையில் பறித்தால் மாலைக்குள் அடுப்பில் ஏற்ற வேண்டும். மரத்தடியில் சாறத்தை நாலு மூலையும் பிடித்து விரித்துக்கொண்டு கிளையை உலுக்குவதுதான் நல்ல வழி. மணலில் விழுந்து வெடித்தது, எறும்பு மொய்த்தது, வௌவால் கடித்தது எல்லாம் கழிவு. வீதியோரத்தில் சுண்டுக் கணக்கில் வாங்குகிறீர்கள் என்றால் உப்புத் தூவாததாகக் கேட்டு வாங்குங்கள். எப்போது பறித்தது என்றும் கேளுங்கள். பழத்தை உப்புத் தண்ணீரில் கால் மணித்தியாலம் போட்டு வைத்தால் உள்ளே புழு இருந்தால் வெளியே வரும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள்.

பாத்திரம் முக்கியம். அலுமினியச் சட்டி வேண்டவே வேண்டாம்; புளிப்பு அதை அரிக்கும், சாறும் உலோக வாடை அடிக்கும். இரும்புத் தாச்சி அதைவிட மோசம். நாவலின் துவர்ப்புக்குக் காரணம் தனின். தனினும் இரும்பும் சேர்ந்தால் கரும் நீலமாகக் கறுக்கும். அந்தக் காலத்தில் எழுதும் மையே அப்படித்தான் செய்தார்கள். எவர்சில்வர் சட்டியும் மரஅகப்பையும் போதும்.

இரண்டு கிலோ பழத்துக்கு அரை லீற்றருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் விட்டு, பழத்தைக் கையால் பிசையுங்கள். கை இரண்டு நாளைக்கு ஊதாவாக இருக்கும், அது பரவாயில்லை. மிக்சியில் போட்டு அடிக்காதீர்கள். கொட்டை உடைந்தால் சாறு கைக்கும், துவர்க்கும், அதை எவ்வளவு சீனி போட்டாலும் மறைக்க முடியாது. தோலை எறிந்துவிடவும் வேண்டாம். நிறம் அத்தனையும் தோலில்தான். பிசைந்ததைத் தோல், கொட்டையோடு இளந்தணலில் வையுங்கள். ஆவி பறந்து, விரல் வைக்க முடியாத சூடு வந்து, ஆனால் இன்னும் கொதி வராமல் இருக்கும் நிலை ஒன்று இருக்கிறது. 70 பாகை அளவு. அந்த நிலையில் ஒரு பத்து நிமிடம். அந்தச் சூட்டில் தோலின் நிறம் கரைந்து இறங்கும். கொதிக்க விட்டால் நிறம் கூடும் என்று நினைத்துத் தளதளவென்று காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். துவர்ப்புத்தான் கூடும், மணம் ஆவியோடு போய்விடும்.

பிறகு துவைத்துக் காய்ந்த வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். தானாக வடிகிற சாறு தெளிவாக இருக்கும். அவசரப்பட்டு முறுக்கிப் பிழிந்தால் கலங்கும். கலங்கினால் கெடாது, போத்தலின் அடியில் மண்டி தங்கும், அவ்வளவுதான். வீட்டுக்குக் குடிக்கச் செய்கிறவர்கள் பிழிந்துகொள்ளலாம், நான் பிழியத்தான் சொல்வேன். ஏறக்குறைய ஒரு லீற்றர் சாறு கிடைக்கும்.

அந்தச் சாற்றை அளந்து மறுபடி சட்டியில் விட்டு, ஒரு லீற்றருக்கு ஒரு கிலோ சீனி, சொன்ன அளவு புளி, ஒரு சிட்டிகை உப்பு. உப்பு துவர்ப்பைக் குறைத்துக் காட்டும். வீதியோரத்தில் நாவலுக்கு உப்புத் தூவி விற்பதும் அதற்காகத்தான். புளி விட்டவுடன் நிறம் மாறுவதைக் கவனித்துப் பாருங்கள். மங்கலாக இருந்த ஊதா சட்டென்று செக்கச் சிவப்பாக எழும்பும். அந்தோசயனின் என்ற நிறப்பொருளின் குணம் அது: புளிப்பில் சிவக்கும், புளிப்பு இல்லாவிட்டால் நீலம் பாயும். பிளாக்கரண்டுக்கும் இதே குடும்பத்து நிறப்பொருள்தான். சாறு போதுமான அளவு புளித்திருக்கிறதா என்று கண்ணால் ஓரளவு தெரிந்துகொள்ளவும் இது உதவும், ஆனால் இதை மட்டும் நம்பி அளவைக் குறைக்க வேண்டாம்.

சீனி கரைந்ததும் நுரையை வழித்து எடுத்துவிட்டு, ஒரே ஒரு கொதி வரட்டும். வெப்பமானி இருந்தால் 85 பாகையைத் தாண்டி இரண்டு மூன்று நிமிடம் நின்றால் போதும். இல்லாதவர்கள் ஒரு கொதி வரும் வரை பார்த்து, அந்தச் சூட்டோடேயே போத்தலில் ஊற்ற வேண்டும். ஆறவிட்டு ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். போத்தல் வெடிக்கும் என்ற பயம், கை சுடும் என்ற பயம். ஆனால் ஆறிய சாறு காற்றில் கிடக்கிற ஈஸ்டை மறுபடி வாங்கிக்கொள்ளும். அப்போது அதுவரை காய்ச்சிய காய்ச்சல் எல்லாம் வீண்.

போத்தல் வெடிக்காமல் இருக்க ஒரே வழி, போத்தலும் சூடாக இருப்பது. பெரிய பானையின் அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டு, கழுவிய கண்ணாடிப் போத்தல்களைப் படுக்க வைத்து, மூழ்கத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடத்துக்கு மேல் கொதிக்க விடுங்கள். மூடிகளையும் கடைசியில் அதே தண்ணீரில் போடுங்கள். சாறு தயாராகும் வரைக்கும் போத்தல் அந்தச் சுடுதண்ணீரிலேயே கிடக்கட்டும். ஒவ்வொன்றாக எடுத்து, தண்ணீரை வடித்து, பலகையின் மேலோ மடித்த துணியின் மேலோ வைத்து ஊற்றுங்கள். வெறும் சீமெந்துத் தரையில் வைத்தால் அடி கழன்று விடும். வாயில் ஒரு விரற்கடை இடம் விட்டு, உடனே இறுக்கி மூடி, துணியால் பிடித்துப் போத்தலைச் சில நிமிடம் சரித்து வையுங்கள், சூடான சாறு மூடியின் உட்பக்கத்திலும் படும்படி. பிறகு நிமிர்த்தி, காற்றுப் படாத இடத்தில் தானாக ஆறவிடுங்கள். ஆறும்போது உள்ளே சாறு சுருங்கி, தட்டையான தகர மூடியாக இருந்தால் நடுவில் லேசாகக் குழியும். குழிந்தால் நன்றாக அடைபட்டிருக்கிறது.

பிளாஸ்டிக் சோடாப் போத்தல் இந்தச் சூட்டுக்குச் சுருண்டுவிடும், ஆகவே ஆகாது. ஊறுகாய்ப் போத்தலின் மூடியில் ஊறுகாய் வாடை என்ன செய்தாலும் போகாது. போத்தலை எடுத்துக்கொண்டு மூடியைப் புதிதாக வாங்குங்கள். பலரும் சாராயப் போத்தலில் அடைப்பார்கள். போத்தல் நல்ல கனமானதுதான், 750 மில்லிலீற்றர் கொள்ளும், அதுதான் அதன் குறையும். திறந்த போத்தல் காவல் இழந்த போத்தல். பாதிக்குச் சற்று மேல் சீனியுள்ள சாறு நம் சூட்டில் ஃபிரிட்ஜ் இல்லாமல் நாலைந்து நாள்தான் தாங்கும். ஒரு குடும்பம் அந்த நாலைந்து நாளில் முடிக்கிற அளவுக்குத்தான் போத்தல் இருக்க வேண்டும். 200 மில்லிலீற்றர் சோஸ் போத்தல்கள் சரியான அளவு. ஒரு லீற்றர் சாறும் ஒரு கிலோ சீனியும் சேர்ந்தால் 1.6 லீற்றர் அளவில் வரும், அப்படி எட்டுப் போத்தல் நிரம்பும். மச்சாள் வீட்டில் பெரிய போத்தலைத் திறந்து வாரக்கணக்கில் வைத்துக் குடிப்பார்கள், அங்கே அது சரி. நாங்கள் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாதது அந்தப் பெரிய போத்தலைத்தான்.

எங்கே வைப்பது? வெளிச்சமும் சூடும் நிறத்தைத் தின்னும். சமையலறைத் தட்டில் அழகுக்கு அடுக்கி வைத்தால் ஐப்பசிக்குள் சிவப்பு மங்கி செங்கல் நிறத்துக்கு வரும். அது கெட்டதற்கு அடையாளம் இல்லை, குடிக்கலாம், ஆனால் பார்க்க மனம் வராது. தகரக் கூரைக்குக் கீழே உயரத்தில் வைக்காதீர்கள். ஓட்டு வீட்டின் உள்ளறையில், தரையோடு, காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைப்பது நல்லது. ஈர மணலில் புதைத்தால் குளிராக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். கச்சான் வீசுகிற வறண்ட நாட்களில் அது உண்மை, ஆனால் மூடி துருப்பிடிக்கும், மாரி ஈரத்தில் அந்தக் குளிர்ச்சியும் கிடைக்காது. பெட்டியைத் தரையில் வைக்கச் சொன்னேன், ஆனால் வெள்ளம் ஏறுகிற பகுதி என்றால் கார்த்திகை பிறக்கும்போதே மேலே தூக்கிவிடுங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத் தண்ணீர் தொட்ட போத்தலை மூடி இறுகியிருந்தாலும் குடிக்கக் கூடாது. மற்றபடி, கரண்ட் இல்லாத நாட்களிலும் கைகொடுப்பதுதான் இந்த முறையின் லாபம். ஃபிரிட்ஜை நம்பிச் செய்த சாறு முதல் சூறாவளியோடு முடிந்துவிடும்.

திறக்கும்போது மூன்று விடயம் பாருங்கள். மூடி மேலே புடைத்திருக்கிறதா, திறக்க ‘புஸ்’ என்று காற்று வருகிறதா, மேலே ஆடை கட்டியிருக்கிறதா. ஒன்று இருந்தாலும் ஊற்றிவிட வேண்டியதுதான். பூஞ்சணத்தை மட்டும் வழித்துவிட்டு மிச்சத்தைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். புளித்த வாடை வந்தது கள்ளாகிக்கொண்டிருக்கிறது. அதை இறுக்கி மூடி வைத்தால் போத்தலே வெடிக்கும், கண்ணாடித் துண்டு பறக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில் விளையாட்டில்லை.

இனி மற்றப் பழங்கள். நாவலுக்கு முன்னே வைகாசி, ஆனியில் பாலைப்பழம் வரும், அதையும் இப்படிச் செய்யலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். பாலைப்பழம் இனிப்பு மிகுந்தது, புளிப்பு மிகக் குறைந்தது. நான் மேலே சொன்ன பொட்டுலிசம் பயம் அதற்குத்தான் பொருந்தும். அதோடு அதன் பால் உதட்டில் ஒட்டுவது போலத் துணியிலும் வடியிலும் ஒட்டும். அதை வெயிலில் வற்றலாக்குங்கள், அல்லது நீர் வற்றக் காய்ச்சிப் பாணியாக்குங்கள்; இரண்டும் பழைய ஆட்கள் சரியாகக் கண்டுபிடித்த வழிகள். பறிக்கப் போகிறவர்கள் கவனம். பாலைப்பழக் காலத்தில் குமணப் பக்கக் காடுகளில் கரடி மரமேறும், மரத்தடியில் ஆளைக் கண்டால் அது விசாரித்துக்கொண்டிருக்காது. குமண தேசிய பூங்காவுக்குள் பழம் பறிக்கச் சட்டமும் இடம் தராது. நோர்வே வழக்கம் இங்கே செல்லாது. வீரைப்பழத்தில் சதை என்று சொல்ல ஒன்றுமில்லை, பறித்த இடத்திலேயே தின்று முடிப்பதுதான் அதற்கு மரியாதை.

கிளாப்பழம் கிடைத்தால் விடாதீர்கள். நல்ல புளிப்பு, நல்ல நிறம். நாவலோடு நாலில் ஒரு பங்கு கிளா சேர்த்தால் தேசிக்காயைக் குறைக்காமலே ருசி ஒரு படி ஏறும். அதில் பெக்ரின் கூட, அதிக நேரம் காய்ச்சினால் போத்தலுக்குள் ஜெலி போல் உறையும். பிளாக்கரண்டும் அப்படித்தான், மச்சாளைக் கேட்டால் சொல்வார். உறைந்தால் பாணுக்குப் பூசுங்கள்.

கொடித்தோடைக்குக் காய்ச்சலே பிடிக்காது. சாற்றைத் தனியே வைத்துக்கொண்டு, சீனியையும் தண்ணீரையும் மட்டும் காய்ச்சி, கடைசியில் சாற்றை விட்டு 85 பாகை வந்ததும் இறக்க வேண்டும். அதன் மணம் அப்படி ஓடக்கூடியது. விளாம்பழம் கூழாக இருப்பதால் கரைத்து வடிக்கப் பொறுமை வேண்டும், அது பங்குனி வெயிலுக்கு ஏற்ற பானம், மாரிக்கு ஏனோ ஒட்டாது. நெல்லிக்கு நான் சொல்லத் தேவையில்லை, யாழ்ப்பாணத்து நெல்லிரசத்தைக் குடித்திருப்பீர்கள்.

சாறு கெடாமல் இருக்க மருந்து போடலாமா என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மெற்றாபைசல்பைற்று நாவலுக்கு ஆகாது, அது அந்தோசயனின் நிறத்தை வெளுக்கப்பண்ணும். இழுப்பு வருத்தம் உள்ள சிலருக்கு அதனால் மூச்சு முட்டவும் செய்யும். நிறமுள்ள சாறுகளுக்குச் சோடியம் பென்சோயேற்றுத்தான் பயன்படுத்துகிறார்கள், ஒரு லீற்றருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக. வீட்டுத் தராசில் அதை ஒழுங்காக நிறுக்க முடியாது. புளிப்பில்லாத சாற்றில் அது வேலை செய்வதும் இல்லை. ஆவணியில் செய்து தை, மாசிக்குள் முடிக்கப் போகிற சாறுக்கு அது தேவையே இல்லை. விற்கிற எண்ணம் இருந்தால் கதை வேறு, முதலில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

குடிக்கும் முறைக்கு ஒரு சட்டமும் கிடையாது. ஒரு பங்கு சாறுக்கு நாலைந்து பங்கு சுடுதண்ணீர், அதில் தட்டிய இஞ்சி ஒரு துண்டு. கறுவாப்பட்டையும் ஒத்துப்போகும், ஏலக்காய் அவ்வளவாக ஒத்துப்போகாது. பால் விடாத பிளேன்டீயில் சீனிக்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி விட்டுப் பாருங்கள், மழை நாளில் அதற்கு ஈடில்லை. காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்துச் சிநேகிதிகளுக்கு: இப்போதெல்லாம் நோன்பு மாரி முடிகிற காலத்தில் வருகிறது, கசகசா ஊறவிட்டு இந்தச் சாற்றில் சர்பத் செய்தால் கடையில் வாங்கும் சிவப்புச் சாயம் தேவைப்படாது. தடிமனுக்கு இது மருந்து என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். பிளாக்கரண்டில் உயிர்ச்சத்து சி மிகுதி, நூறு கிராமில் 180 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தோடம்பழம் வராமல் போனபோது பிரித்தானியா அந்தச் சாற்றைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்ததும் அதனால்தான். நாவலில் அவ்வளவு கிடையாது, காய்ச்சியதில் உள்ளதும் குறையும். சூடாக இறங்கும்போது தொண்டைக்கு இதமாக இருக்கும், அதற்கு மேல் எதுவும் இல்லை.

கடைசியாக அப்பா. நாவல் சீனி வருத்தத்துக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வதால் நாவற்சாறும் நல்லது என்று வீட்டில் முடிவெடுத்துவிடுவார்கள். இந்தச் சாற்றில் பாதிக்கு மேல் வெறும் சீனி. ஒரு குவளை கலந்து குடித்தால் ஐந்தாறு தேக்கரண்டி சீனி உள்ளே போகும், பழத்தின் பெயரால் அது குறையாது. சீனியைப் பாதியாகக் குறைத்துச் செய்து தரட்டுமா என்றால், பாதியாகக் குறைத்தாலும் அவருக்கு அது அதிகம்தான், உங்களுக்கோ திறந்த பிறகு நாலு நாள் என்பது இரண்டு நாளாகும். கொட்டையைக் காயவைத்து இடித்துக் கொடுக்கிற வழக்கமும் இருக்கிறது. கொடுப்பதென்றால் அவரைப் பார்க்கிற வைத்தியரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள், குளிசையை நிறுத்திவிட்டு அல்ல. அப்பாவுக்கு ஆடி, ஆவணியில் பழமாகவே ஒரு கைப்பிடி கொடுங்கள். மாரிக்கு அவருக்குக் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீர், சீனி போடாமல்.